முப்பத்தொன்பது வயதில் புது வேலை

நாற்பதை நெருங்கும் ஒருவர் நர்ஸ் ஆகப் போகிறேன் என்றால், "இந்த வயசுலயா?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்குக் கிளாரா பார்ட்டனைத் தெரிந்திருக்காது.

1821-ல் அமெரிக்காவில் பிறந்தவர். முதலில் பள்ளி ஆசிரியை. நியூஜெர்சியில் அவர் தொடங்கி வளர்த்த இலவசப் பள்ளிக்கு, அவரைவிடக் கூடுதல் சம்பளத்தில் ஓர் ஆணைத் தலைமையாசிரியர் ஆக்கினார்கள். கிளாரா வெளியேறிவிட்டார். வேறென்ன செய்வார்? பிறகு வாஷிங்டனில், காப்புரிமை அலுவலகத்தில் குமாஸ்தா வேலை.

1861-ல் உள்நாட்டுப் போர். அடிபட்ட சிப்பாய்கள் வாஷிங்டனுக்கு ரயிலில் வந்து இறங்கினார்கள். அவர்களைக் கவனிக்கப் போன கிளாராவுக்கு அப்போது வயது 39. நர்சிங் படித்தவரில்லை. கூரையிலிருந்து விழுந்த அண்ணனைச் சிறுமியாக இருந்தபோது ஏறக்குறைய இரண்டு ஆண்டு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட பழக்கம்தான்.

அடுத்த ஆண்டு ஆன்டீட்டம் போர்க்களம். ஒரு சிப்பாயைத் தாங்கிப் பிடித்திருந்தார். பாய்ந்து வந்த குண்டு இவருடைய சட்டைக் கையைத் துளைத்துக்கொண்டு போய் அந்தச் சிப்பாயைக் கொன்றது. மற்றவர்களைக் கவனிப்பதை இவர் விடவில்லை.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை அவர் தொடங்கியது 1881-ல், 59 வயதில். பதவி விலகியது 1904-ல், 82 வயதில். அதுவும் ஓய்வு வேண்டும் என்று கேட்டல்ல. நிர்வாகத்தில் எழுந்த தகராறால்!