புழுதியில் விதைத்தவர்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையைத் தொடர்ந்து நடைபெற்ற ஒன்றுகூடலில், 1981ஆம் ஆண்டு வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்த ஆண்டில் இந்தக் கல்லூரியை விட்டு வெளியேறியவர்கள் நாங்கள். இந்த உரையை ஆறு பேர் சேர்ந்து எழுதினோம். இருவர் இங்கே, மற்றவர்கள் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும். வாசிப்பது ஒரு குரல்தான், ஆனால் பிழை இருந்தால் ஆறு பேரையும் ஏசலாம்.

சங்கம் எங்களிடம் கேட்டது விசுவாச வாழ்வைப் பற்றிப் பேசும்படி. முதலில் எழுதியதை வாசித்துப் பார்த்தபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது. எல்லாம் வெற்றிக் கதைகள். ஜெபித்தோம், கிடைத்தது, காத்திருந்தோம், கதவு திறந்தது. அப்படி நடந்ததும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜெபிக்க வாய் வராத ஆண்டுகளும் எங்கள் ஆறு பேருக்கும் இருந்தன. அதைப் பற்றி இதுவரை ஒருவருக்கொருவர்கூடச் சொன்னதில்லை. அதையே இன்று பேசலாம் என்று முடிவு செய்தோம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவை இங்கே பலருக்கு நினைவூட்டத் தேவையில்லை. எங்களுக்கு அப்போது முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது. கையில் பிள்ளைகள், சைக்கிளில் வயதான பெற்றோர். நாவற்குழிப் பாலத்தை நோக்கி வலிகாமம் முழுவதும் அந்த ஒரே வீதியில் நடந்தது. மழை பெய்தது. தாகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைநீர் ஏந்திக் குடித்தோம். மேலே வானம் பொழிந்துகொண்டிருக்க, உள்ளே எல்லாம் வறண்டு போயிருந்தது. எங்களில் ஒருத்தி அன்றிரவு முழுவதும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லப் பார்த்தாளாம். பாதியில் சொற்கள் மறந்து போயின. ஐந்து வயதிலிருந்து இந்த மண்டபத்தில் ஒவ்வொரு காலையும் சொன்ன ஜெபம் அது.

பிறகு தென்மராட்சியில் ஆறு மாதங்கள். ஒரு வீட்டில் ஏழு குடும்பம், ஒரு கிணறு. அங்கேதான் எல்லோரையும் வதைத்த அந்தக் கேள்வி வந்தது: கிளாலியால் வள்ளம் ஏறி வன்னிக்குப் போவதா, இருந்து பார்த்து யாழ்ப்பாணம் திரும்புவதா? அடையாளம் ஒன்று தரும்படி கேட்டோம். வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்துப் பார்த்தவர்களும் எங்களில் உண்டு. இதை எங்கள் சமய பாட ஆசிரியை கேட்டால் முழங்காலில் விட்டிருப்பார். வந்து விழுந்தது எண்ணாகமத்தில் ஒரு குடிமதிப்புக் கணக்கு. பதில் எதுவும் வரவில்லை. எங்களில் சிலர் வள்ளம் ஏறினோம். மற்றவர்கள் 1996 சித்திரையில் வீடு திரும்பினோம், கூரை இருந்தவர்கள் கூரைக்கும் இல்லாதவர்கள் சுவருக்கும்.

வேதாகமத்தில் எலியாவின் கதையை எல்லோரும் கர்மேல் மலையில் விழுந்த அக்கினியிலிருந்து தொடங்குவார்கள். அதற்கு முன் ஒரு சிறிய பகுதி இருக்கிறது. ஆண்டவர் சொன்னபடியே எலியா கேரீத் ஆற்றண்டை போய் ஒளிந்திருக்கிறான். காகங்கள் உணவு கொண்டுவருகின்றன. சில நாளில் அந்த ஆறு வற்றிப் போகிறது. நமது வழுக்கியாறு மாதிரி, மாரியில் மட்டும் ஓடுகிற ஒன்றாகத்தான் அதுவும் இருந்திருக்கும். நாங்கள் கவனித்தது இதைத்தான்: அவன் வழி தவறிப் போனதால் ஆறு வற்றவில்லை. போகச் சொன்ன இடத்தில் இருக்கும்போதே வற்றியது. சாறிபாத்துக்குப் போ என்ற சொல் வந்தது ஆறு வற்றிய பிறகுதான். நீர் நாளுக்கு நாள் குறைவதைப் பார்த்துக்கொண்டு அவன் அங்கே எத்தனை நாள் இருந்தான், என்ன நினைத்தான் என்று ஒரு வரியும் எழுதப்படவில்லை. எங்கள் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த எழுதப்படாத நாட்களாகத்தான் போயிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்கீதங்களில் புலம்பித் தொடங்குபவை பல, முடிவில் எப்படியோ துதிக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் மட்டும் திரும்புவதில்லை. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதை யாரும் கிழித்து எறியவில்லை. ஆராதனைக்குரிய நூலில் அதுவும் இருக்கட்டும் என்று வைத்தார்களே, அந்தப் பெரியவர்களுக்கு நாங்கள் நன்றி சொல்கிறோம்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சைவப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி, இந்த உரைக்கு லண்டனிலிருந்து எழுதியவள், சுந்தரரைச் சேர்க்காமல் விடக்கூடாது என்று அடம்பிடித்தாள். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்ட சுந்தரருக்குக் கண் தெரியாமல் போகிறது. தம்பிரான் தோழர் என்று பெயரெடுத்தவர் தடவித் தடவி நடக்கிறார். திருவெண்பாக்கத்தில் இறைவனிடம் கோபித்துக்கொண்டே பாடுகிறார். அங்கே அவருக்குக் கிடைப்பது பார்வை அல்ல, ஓர் ஊன்றுகோல். அதை ஊன்றிக்கொண்டு காஞ்சிக்கு நடக்கிறார், ஒரு கண் அங்கே. பிறகு ஆரூரில் மற்றது. "எனக்கு ஊன்றுகோல் கிடைச்ச இடம்தான் அந்தக் கதையிலை பிடிச்ச இடம்" என்று அவள் எழுதியிருந்தாள். எங்கள் வேதபாட வகுப்பில் நல்ல புள்ளி எடுத்தவளும் அவளே.

அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வந்தபோது உலகம் திடுக்கிட்டது. லொறேற்றோ மடத்தை விட்டுக் கல்கத்தாத் தெருவுக்கு இறங்கிய காலத்தோடு தொடங்கி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், இடையில் ஒரு சிறு பொழுதைத் தவிர, ஆண்டவருடைய அருகாமையை அவர் உணரவில்லை என்று அவற்றில் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் அவருடைய சிரிப்பு பொய்யா என்று சிலர் கேட்டார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஐம்பது வருடமும் விடியமுன் எழும்பினார், ஆராதனைக்குப் போனார், நோயாளிகளைக் கழுவினார். உணர்ச்சி வந்தால்தான் விசுவாசம் என்றால் அவருக்கு விசுவாசமே இருக்கவில்லை என்று சொல்ல வேண்டிவரும். அதை யார் சொல்லத் துணிவது?

எங்களில் ஒருத்தியின் தகப்பனார் மட்டுவிலில் வயல் செய்தவர். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, குளத்தை நம்பிய வயலும் குறைவு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைதான் எல்லாம். அவர் ஆவணி, புரட்டாதியிலேயே வயலை உழுது, புழுதி பறக்கும் மண்ணில் நெல்லை விதைத்துவிடுவார். புழுதி விதைப்பு என்று சொல்வோம். மழை வந்த பிறகு உழுவோம் என்று இருந்தால் காலம் பிந்திவிடும், பயிர் வெள்ளத்தில் அகப்படும். அதனால் வானத்தில் ஒரு முகில்கூட இல்லாத நாளில் விதைக்க வேண்டும். எறும்பும் குருவியும் தங்கள் பங்கை எடுக்கும். ஒரு தூறல் தூறி முளை வந்து, பிறகு மழை பின்வாங்கினால் முளை கருகும். மறுபடி விதைத்த வருடங்களும் உண்டாம். விதைக்கிற நாளில் மனம் எப்படி இருக்கும் அப்பா என்று மகள் ஒருமுறை கேட்டிருக்கிறாள். "மனமோ? அண்டைக்குக் கையாலை செய்யிற வேலை, பிள்ளை" என்றாராம்.

தீர்மானம் எடுப்பதைப் பற்றியும் எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. போரில் காயப்பட்டுப் படுக்கையில் கிடந்து மனம் மாறிய இக்னேஷியஸ் லொயோலா, மனம் வறண்டிருக்கும் காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்று கற்பித்தார். நல்ல புத்தி. விவாகத்தை விடுவதா, வேலையை விடுவதா என்று நள்ளிரவில் அழைக்கும் பிள்ளைகளுக்கு நாங்களும் அதையே சொல்லியிருக்கிறோம், முதலில் படு, காலையில் கதைப்போம் என்று. ஆனால் கிளாலியில் வள்ளம் காத்திருக்காது. வறட்சியிலேயே, இருட்டிலேயே முடிவெடுத்தாக வேண்டிய நாட்களும் வரும். அப்படி எடுத்த முடிவு பிழைத்துப் போனால்?

இங்கேதான் எங்கள் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளுடைய சம்மதத்துடன் சொல்கிறோம், பெயர் வேண்டாம் என்றாள். கிளாலியால் வன்னிக்குப் போனவர்களில் அவளும் ஒருத்தி. அவளுடைய மகனுக்கு அப்போது ஐந்து வயது. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் அவனைக் கடைசியாகக் கண்டாள். அவனுக்குப் பத்தொன்பது வயது. 2017 மாசியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தபோது அவளும் படத்தைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தாள். "நான் அண்டைக்கு யாழ்ப்பாணம் திரும்பியிருந்தால்" என்பது அவளுடைய வாயில் எத்தனையோ வருடமாக இருந்த வசனம். எங்களில் யாழ்ப்பாணம் திரும்பியவர்களும் இழந்திருக்கிறோம். ஒருத்தியின் தம்பி திரும்பிய அதே வருடம் காணாமல் போனான். ஆகவே நாங்கள் இதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். சரியான வழியைத் தெரிந்தவரை ஆண்டவர் காப்பாற்றினார், பிழையான வழியைத் தெரிந்தவர் அனுபவித்தார் என்று நமது வீடுகளில் யாரும் சொல்ல வேண்டாம். அப்படி ஆறுதல் சொல்ல வந்தவர்களால்தான் அவள் ஆலயத்துக்கு வராமல் விட்டாள். எந்த வழியால் போனாலும் அவர் கூட வருவார் என்று நம்புவதுதான் எங்களுக்குத் தெரிந்த நம்பிக்கை. அதற்கு எங்களிடம் ருசு கிடையாது. நம்புவதாகத் தீர்மானித்திருக்கிறோம், அவ்வளவுதான். சில நாட்களில் அந்தத் தீர்மானத்தைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் எடுக்க வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்குப் பின், ஒரு சனிக்கிழமை, அவள் தன் ஊர் ஆலயத்துக்குத் தும்புத்தடியோடு வந்தாள். நாளைய ஆராதனைக்காகக் கூட்டித் துடைத்து, பூச்சாடிகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அடுத்த சனியும் வந்தாள். போதகர் ஞாயிறும் வரலாமே என்றதற்கு, "நான் கும்பிட வாறேல்லை, கூட்ட வாறன்" என்றாள். இன்றுவரை அப்படித்தான். எங்களிடம் ஒருநாள் தொலைபேசியில் கேட்டாள்: "இது விசுவாசமோடி, இல்லாட்டிப் பழக்கமோ?" எங்களுக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கல்லூரியில் பன்னிரண்டு வருடம் மணியடித்தால் எழும்பி, மணியடித்தால் கும்பிட்டுப் பழகிய கால்கள், மனம் வராத நாளிலும் தாமாக அங்கே போகின்றன. அந்தப் பழக்கத்தைப் போட்டுத் தந்த ஆசிரியைமார் இங்கே இருக்கிறீர்கள். அப்போது உங்களைத் திட்டினோம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு வறட்சி வேறு மாதிரி வருகிறது. இரவு வேலை முடித்துப் பனியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, முதியோர் இல்லத்தில் அம்மாவை விட்டுவிட்டுத் திரும்பும்போது, பிள்ளைகள் ஆலயத்துக்கு வரமாட்டோம் என்று மரியாதையாகவே சொல்லும்போது. வெளியே எல்லா வசதியும் இருப்பதால், உள்ளே காய்ந்து போயிருக்கிறது என்று சொல்லவும் கூச்சம். நாங்கள் சனிக்கிழமைகளில் சூமில் கூடுகிறோம். ஜெபத்தைவிட "மியூட்டை எடுங்கோ" என்ற வசனம்தான் அதிகம் கேட்கும். சொல்ல வார்த்தை இல்லாதவர் பேசாமல் இருக்கலாம், மற்றவர் அவருக்காகச் சொல்வார் என்று ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். ஒருத்தி எட்டு மாதம் பேசாமலே வந்திருந்தாள். ஒன்பதாவது மாதம் அவள் மற்றவளுக்காகச் சொன்னாள். சேர விரும்புகிறவர்கள் எந்த வகுப்பாக இருந்தாலும் வரலாம்.

இந்த உரையை எழுதி முடித்ததும் அந்தத் தோழிக்கு அனுப்பினோம். கடைசிப் பந்தியில், அவள் இப்போது சமாதானம் அடைந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தோம். பென்சிலால் அதைக் குறுக்கே வெட்டி, ஓரத்தில் எழுதி அனுப்பினாள்: "இன்னும் இல்லை. சனிக்கிழமை வருவன் எண்டு மட்டும் எழுதுங்கோ."

அப்படியே எழுதியிருக்கிறோம்.