கற்பிட்டியில் ஒரு வமிசத்தின் அடிச்சுவடு



புத்தளக் களப்பிற்கும் பெருங்கடலுக்கும் இடையே வடதிசை நோக்கி நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில் அமைந்த துறைமுகப் பட்டினம் கற்பிட்டி. ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இன்றும் அங்கே நிற்கின்றது. அவ்வூரில் 1807-ஆம் ஆண்டில் ஒரு குழந்தை பிறந்தது. அதுவே பிற்காலத்தில் சைமன் காசிச்செட்டி என அறிஞர் உலகம் போற்றிய பெருமகன்.

இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசைப்படுத்தி, 'சிலோன் கசற்றியர்' என்னும் ஆங்கில நூலை 1834-இல் வெளியிட்டார். 1838-இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியானார். 1859-இல், 200-க்கு மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்துத் 'தமிழ் புளூராக்' என்ற நூலைத் தந்தார். மறு ஆண்டிலே மறைந்தார்.

பிறர் வரலாற்றைத் தேடிய இவருடைய வமிசாவளியைத் தேடுவது எவ்வாறு? முதற் சான்று அவருடைய பெயரே. சைமன் என்பது கிறிஸ்தவ வேதாகமப் பெயர். காசி என்பது சைவ மக்கள் போற்றும் திருத்தலம். செட்டி என்பது கடல் கடந்து வந்த வணிக மரபைச் சுட்டுவது. ஒரே பெயரில் மூன்று காலங்களின் சுவடு பதிந்திருக்கின்றது. எனினும், பெயர் திசையைத்தான் காட்டும். ஊரையும் பாட்டனையும் காட்டாது.

ஆகவே, அறிந்தவரிலிருந்து அறியாதவரை நோக்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லவேண்டும். புகழ் பெற்ற ஒருவரை முதலில் முன்னோராக வரித்துக்கொண்டு கீழே இறங்கி வருதல் பிழையான வழி. கோயிற் பதிவேடுகளில் ஞானஸ்நானத்திற்கு ஞானப்பெற்றோராய் நின்றவர் பெயரையும் நோக்குக. அவர் பெரும்பாலும் உறவினராகவே இருப்பர். சீதன உறுதியில் தாய்வழியும், காணி உறுதியில் தந்தைவழியும் பலகாலும் வெளிப்படும். எழுத்து வேறுபாட்டிலும் விழிப்பு வேண்டும். கற்பிட்டியே ஐரோப்பியர் ஏடுகளில் 'கல்பெந்தைன்' ஆகிவிட்டது! ஆட்பெயர்களும் அவ்வாறே உருமாறும்.

பாட்டிமார் சொல்லும் கதையைத் தள்ளிவிடலாமோ? தள்ளலாகாது. அதைக் கேட்டபடியே எழுதிவைத்து, ஏட்டோடு ஒப்பிடுக. ஏடு உறுதிப்படுத்தும் வரையில் அது கதை என்றே குறித்து வைத்தலே நேர்மை.

நேயர்களே, கடற்காற்றின் ஈரமும் கறையானும் நமக்காகக் காத்திருப்பதில்லை. பழைய பெட்டியில் கிடக்கும் உறுதி ஒன்று அழிந்தால், அதில் மட்டுமே பெயர் நின்ற ஒரு மூதாட்டி இரண்டாம் முறை இறந்துபோகின்றாள். சிதறிக் கிடந்த செய்திகளைக் காசிச்செட்டி அன்று திரட்டி வைத்தமையாலன்றோ, 1886-இல் ஆனல்ட் சதாசிவம்பிள்ளை 'பாவலர் சரித்திர தீபகம்' இயற்றும்போது அத்தொகுப்பு அவருக்குத் துணையாயிற்று!

எனவே, இன்றிரவே உங்கள் வீட்டு முதியவரிடம் அவருடைய பாட்டியின் பெயர் என்னவென்று கேளுங்கள். கேட்டதை உடனே எழுதி வையுங்கள்.