வெளிச்சம் வேண்டும், வெம்மை வேண்டாம்

பெங்களூருக்குக் கிழக்கே வைட்ஃபீல்டில் குடியேறியிருக்கும் நம்மவர் வீடுகள் சிலவற்றில் மாலை நான்கு மணிக்கு ஒரு விந்தையைக் காணலாம். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே மின்விளக்கு எரியும். மேற்குப் பார்த்த சாளரத்தில் கறுப்புத் தாள் ஒட்டியிருப்பார்கள். நாங்களும் ஒட்டினோம். அறை இருண்டது, புழுக்கமோ அவ்வளவாகக் குறையவில்லை. விற்றவரை நொந்து பயனில்லை. கேட்கவேண்டியதை நாங்கள் கேட்கவில்லை.

1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்து, நிறந்தோறும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே புலப்படாத இடத்தில், வெப்பம் மிகுந்து நின்றது. அதுவே அகச்சிவப்புக் கதிர். நம்மை வந்தடையும் வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி அதுதான். கறுப்புத் தாளோ நமக்கு வேண்டிய ஒளியை விழுங்கி, தானும் சூடேறி, அச்சூட்டில் ஒரு பகுதியை அறைக்குள்ளேயே வீசுகிறது.

இதற்கு மாற்று உண்டு. சுமார் 10 நானோமீட்டர் கனமுள்ள வெள்ளிப் படலத்தை, ஆக்ஸைடு அடுக்குகளுக்கு நடுவே, வெற்றிடத்தில் கண்ணாடிமீது படியவைக்கிறார்கள். மயிரிழைத் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. வெள்ளியில் கட்டற்றுத் திரியும் எலெக்ட்ரான்கள் அகச்சிவப்புக் கதிரைத் திருப்பியனுப்புகின்றன. கண் காணும் ஒளி பெரும்பாலும் ஊடுருவிவிடுகிறது. வெள்ளி காற்றுப் பட்டால் கெடும். வெள்ளிக் குத்துவிளக்குக் கறுப்பதை அறியாத இல்லத்தரசியர் உண்டோ? ஆகவே இப்படலத்தை இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே அடைத்துவைப்பது வழக்கம்.

வாங்குவோர் இரண்டு எண்களைக் கேட்கவேண்டும். கண் காணும் ஒளியில் நூற்றுக்கு எவ்வளவு உட்புகும்? வெயிலின் மொத்த வெப்பத்தில் எவ்வளவு உட்புகும்? முன்னது மிகுந்தும் பின்னது குறைந்தும் இருத்தல் நலம். "அகச்சிவப்பில் 95 பங்கைத் தடுக்கும்" என்ற விளம்பரத்தை மட்டும் நம்பலாகாது. குறுகியதோர் அலைநீளப் பகுதியில் மட்டும் அளந்த கணக்காக அது இருக்கக்கூடும். அன்றியும், உள்ளே வரும் ஒளியும் சுவரிலும் தரையிலும் பட்டு வெப்பமாகவே மாறுகிறது.

இக்கண்ணாடி விலை மிக்கது. வாடகை வீட்டில் அதைப் பதிக்க யார் துணிவார்? கறுப்புத் தாளை உரித்துவிட்டோம். சாளரத்துக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்குகிறது. கண்ணாடியைத் தொடுமுன்பே வெயில் அதில் தடைபடுகிறது. வெயில் தாழ்ந்ததும் தட்டியைச் சுருட்டிவிடுகிறோம். ஆறு மணிவரை பிள்ளைகள் விளக்கின்றிப் படிக்கிறார்கள்.