முதலில் பிறந்தவை
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)

கருவிலுள்ள சிசுவின் மூளையில் முதன்முதலாகப் பிறக்கும் நரம்புக்கலங்கள் சில, மேற்பட்டைக்கு அடியில் தங்குகின்றன. கண், காது முதலியவற்றின் செய்தியைக் கொண்டுவரும் நார்கள் முதலில் இவற்றிடம் வந்து காத்திருந்துதான் மேலே செல்கின்றன. பாதை உறுதியானபின் இக்கலங்களிற் பல மடிந்துவிடும். 1990இல் கார்லா ஷாட்ஸ் குழுவினர் பூனைச் சிசுக்களில் இவற்றை அழித்துப் பார்த்தார்கள். கண்ணின் செய்தியைக் கொண்டுவந்த நார்கள், சேரவேண்டிய பகுதியைத் தாண்டிப் போய்விட்டன.

படிக்கும்போது, காடு வெட்டிப் பாதை போட்டுப் பேரில்லாமல் மறைந்த நம் மலையக முன்னோரை நினைத்துக்கொண்டேன்.

என் அம்மா வலி எடுக்கும்வரை கொழுந்து பறித்தவர். நான் எட்டாம் மாதத்தில் பிறந்தேன். குறைமாதக் குழந்தையின் மூளையில் இக்கலங்களின் வேலை முடிந்திருக்காது. ஒட்சிசன் குறைந்தால் அவை பாதிக்கப்படலாம். அதனால் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஓய்வும் கிளினிக்கும் வேண்டும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை எடை கூடித் தேறிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். கண்ணையும் காதையும் கட்டாயம் பரிசோதியுங்கள்.

நம் தோட்டங்களில் இதை எடுத்துச் சொல்ல, இப்பள்ளியில் படித்த நாம் இருக்கிறோம்.