இறாலின் செவுள் சொல்லும் சேதி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தேக்கா சந்தையில் இறால் வாங்கி வந்தால் நாம் செய்யும் முதல் வேலை, தலையைக் கிள்ளி எறிவது. அப்போது தலை ஓட்டுக்கு அடியில், இரு பக்கமும் இறகுபோல ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதுதான் செவுள். தண்ணீர் கெட்டால் அந்தக் கேட்டை முதலில் தாங்கும் உறுப்பு அதுவே.

நமக்கு மூச்சு விட நுரையீரல், கழிவை அகற்றச் சிறுநீரகம் என்று தனித்தனி உறுப்புகள் உண்டு. இறாலுக்கோ பெரும்பாலான வேலைகளைச் செவுளே செய்கிறது. தண்ணீரிலுள்ள பிராணவாயுவை எடுக்கிறது. உடலில் சேரும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மழை பெய்து கடல்நீரின் உப்புக் குறையும்போது உடலின் உப்பைச் சமன்செய்வதும் அதுதான். வாயருகே துடுப்புப்போல ஓர் உறுப்பு ஓயாமல் அசைந்து, செவுளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருக்கிறது.

இந்தத் தண்ணீரில் மாசு கலந்தால் என்ன ஆகும்?

முதலில் வண்டலை எடுத்துக்கொள்வோம். கடலைத் தூர்வாரும்போதும் நிலமீட்பு நடக்கும்போதும் கிளம்பும் நுண்ணிய சேறு செவுளில் படிகிறது. இறால் நீரோட்டத்தைத் திருப்பிவிட்டுச் சேற்றை வெளியே தள்ளப் பார்க்கும். படிவது அதிகமானால் அதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா?

அடுத்தது உலோகங்கள். இறாலின் இரத்தம் சிவப்பன்று, இளநீலம். காரணம், பிராணவாயுவைச் சுமக்கும் பொருளில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு இருப்பதுதான். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. செம்பும் காட்மியமும் மிகுந்தால் செவுளில் உப்பைச் சமன்செய்யும் நொதியின் வேலை தடைப்படுகிறது. கப்பலின் அடிப்புறத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசப்பட்ட டின் கலந்த நச்சுச் சாயம் 2008ல் அனைத்துலக அளவில் தடை செய்யப்பட்டது. இன்று செம்பு கலந்த சாயங்களே பெரிதும் பயன்படுகின்றன. கப்பல்கள் நிறைந்த நம் துறைமுகத்தில் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

செவுளின் திசு சேதமடைந்தால் அங்கே கருநிறப் பொருள் சேர்ந்து செவுள் கறுக்கிறது. பூஞ்சைத் தொற்றும் இப்படிக் கறுக்க வைக்கும். சந்தையில் இறாலின் தலை கறுத்திருந்தால் உடனே மாசு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இறந்தபின் நேரம் ஆக ஆக நொதிகளாலும் தலை கறுக்கும். ஆனால் உயிருள்ள இறாலின் செவுள் கறுத்திருந்தால் அது கட்டாயம் ஆராயப்பட வேண்டிய அறிகுறி.

நம் ஜோகூர் நீரிணையையே பாருங்கள். 1924ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட பாலம் நீரிணையைக் குறுக்கே அடைத்து நிற்பதால் தண்ணீர் தடையின்றி ஓடிப் புதுப்பித்துக்கொள்ள முடிவதில்லை. சத்துக் கழிவுகள் தேங்கும் இடத்தில் நுண்பாசிகள் பெருகுகின்றன. இரவில் அவையும் பிராணவாயுவை உறிஞ்சுவதால் விடியற்காலையில் கடலுக்கே மூச்சு முட்டுகிறது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் அங்கே பாசிப் பெருக்கத்தால் வளர்ப்பு மீன்கள் பெருமளவில் மடிந்தன. செவுளால் மூச்சு விடும் இறாலுக்கும் அதே தண்ணீர்தானே கதி?

தென்கடலும் தப்பவில்லை. 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எரிபொருள் கப்பல்மீது மோதியதில் சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசா, லாப்ரடார், ஈஸ்ட் கோஸ்ட் கரைகளில் எண்ணெய் படிந்ததை நாமெல்லாம் செய்தியில் பார்த்தோம். கரையில் படிந்ததைத் துடைத்துவிடலாம். தண்ணீரில் கரைந்த நச்சு செவுளைத் தொடுவதை யார் துடைப்பது?

"கப்பல் விபத்துக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம் கையில் இருப்பதும் உண்டு. சிங்கப்பூரில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர்க் கால்வாய் வேறு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திற்குப் போகிறது. லிட்டில் இந்தியாவின் சாலையோரக் கால்வாயில் விழுவதோ ரோச்சோர் கால்வாய் வழியாக மரினா நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. கனமழையின்போது 2008ல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு வழியாக அந்த நீர் கடலுக்கு விடப்படுகிறது. ஆக, கால்வாயில் ஊற்றும் சட்டி கழுவிய எண்ணெயும் மிச்சச் சாயமும் முதலில் நம் குடிநீர்த் தேக்கத்துக்கும், பிறகு கடலுக்கும் போகின்றன.

1977 முதல் 1987 வரை பத்தாண்டு பாடுபட்டு நாற்றமடித்த சிங்கப்பூர் ஆற்றை மீட்டெடுத்த நாடு இது. முடியாது என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. சமைத்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் காரணத்தைச் சொல்லுங்கள். இறால் வாய்விட்டுப் புகார் சொல்லாது. அதன் செவுள் கறுக்கும் வரை நாம் காத்திருக்கவும் கூடாது.