மலச்சிக்கல்: மறைக்க வேண்டாம்

 

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் மூலிகைப் பொடி வாங்காமல் நாம் திரும்புவதில்லை. வயிற்றுக்கென்று விற்கும் பொடிகள் பலவற்றில் நிலாவரை இருக்கும். அரபியில் 'ஸனா' என்பதும் இதுதான். 2019 வரை நம் தென்காசியும் சேர்ந்திருந்த திருநெல்வேலியின் பெயராலேயே மருந்து நூல்கள் இதைக் குறிக்கின்றன. நல்ல மருந்துதான், ஆனால் சில நாளைக்கு மட்டும். டாக்டரைக் கேட்காமல் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். அளவு மீறினால் வயிற்றோட்டமாகி உடம்பில் பொட்டாசியம் குறையும்.

நாள்பட்ட சிக்கலுக்கு இசப்கோல் ஏற்றது. டம்ளர் நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, தினசரி நடை உதவும். இரும்புச்சத்து மாத்திரையாலும் சிக்கல் வரும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நம் பெரியவர் ஒருவர் ரத்தம் போனதை 'மூலம்தான்' என்று எட்டு மாதம் மறைத்தார். பார்த்தபோது குடலில் கட்டி. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு, ஐம்பது வயதுக்குமேல் புதிதாக வந்த சிக்கல் இருந்தால் உடனே தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். துணைக்கு ஆளில்லை என்றால் நாங்கள் வருகிறோம்.

இன்று வீட்டுக்குப் போனதும் வாப்பாவிடமும் உம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.