ஏரியா, எரியா?



1880-ல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்த உ.வே.சாமிநாதையர், ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டு 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பாடபேதம் பார்ப்பது என்பது அதுதான். இரண்டு வரிசைகளின் வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பதும் ஏறக்குறைய அதே வேலை. ஹண்ட், பெல் ஆய்வுக்கூடத்து மெக்கில்ராய் இருவரும் 1976-ல் இதற்கு வழிமுறை எழுதினார்கள்.

ஒரு ஏட்டில் 'நெல் விளையும் ஊர்'. இன்னொன்றில் 'நெல் நன்கு விளையும் நாடு' என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராம் இரண்டின் மேலும் சேர்ந்தே நடந்து போகும். அது சொல்ல மூன்றே சேதி. நெல், விளையும்: இரண்டிலும் உண்டு. ஊர்: முதலில் மட்டும். நன்கு, நாடு: இரண்டாவதில் மட்டும். ஒவ்வொரு சேதிக்கும் நாம் எழுதிக் கொடுத்த ஃபங்ஷனைக் கூப்பிடும். அதுதான் கால்பேக். "தண்ணி வந்தா குரல் குடு" என்று மதகுக்கு ஆள் அனுப்புவோமே, அதேதான்! மடையைத் திறப்பதா அடைப்பதா என்பது நம்ம பாடு. அடிக்குறிப்பாக்கலாம், சும்மா எண்ணிக்கை எடுக்கலாம். ஒப்பிடும் பகுதியில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

நம்ம ஏடுகளுக்கு இன்னொரு கால்பேக்கும் வேண்டும்: எது எதற்குச் சமம் என்று சொல்ல. பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரம், ஏகாரம் ஒன்றுபோலவே தெரியும். ஒருவர் 'ஏரி' என்று படி எடுத்ததை இன்னொருவர் 'எரி' என்று எடுத்திருப்பார். இரண்டும் சமம் என்று சொல்லிவிட்டால் வீண் வித்தியாசங்கள் குறையும், சரி. ஆனால் தண்ணீரும் நெருப்பும் ஒன்றாகிவிடுமே! ஆகவே 'இரண்டிலும் உண்டு' என்கிற ஃபங்ஷனுக்கும் இரண்டு படியிலும் உள்ள இடத்தைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அங்கே மூலச்சொற்களை எடுத்து, எழுத்துக்கு எழுத்து இன்னொரு முறை பார்க்கலாம்.